தண்ணீர் குடிக்காமல் ரயில் ஓட்டும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. ரயில் ஓட்டுநர். விடியற்காலை ஷிஃப்ட் என்றால் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுவார். வேலை முடிந்து வரும்வரை ஓரிரு மடக்குதான். கேட்டால், ‘கேபின்ல தண்டாஸ் (கழிவறை) இல்ல, வண்டிய விட்டுட்டு எங்க போறது’ என்கிறார். ஆறு மாதத்தில் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. போன மாதம் முதுகுவலிக்குப் போன்ஸ்டான் போட்டுக்கொண்டார். பிரஷர் மாத்திரையையும் மாற்றியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், ‘இப்பல்லாம் ரயிலு தானா ஓடுது, இவருக்கென்ன கஷ்டம்’ என்று கேலி பண்ணுகிறார். ரயில் ஓட்டுகிறவர்கள் அவசரத்துக்கு என்னதான் செய்வார்கள்? காலையில் இவருக்குத் தேத்தண்ணி கொடுக்கலாமா, நிறுத்திவிடவா?
— செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

சகோதரி, போகிற போக்கில் எழுதிய அந்த மாத்திரை வரியிலிருந்து தொடங்குகிறேன். இன்றைக்கே மாத்திரைப் பட்டையை எடுத்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட், இண்டபமைட், ஃபுரோசமைட் என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் அது நீர் பிரியவைக்கும் மாத்திரை. சில சமயம் தனியாக இருக்காது. வேறொரு பிரஷர் மருந்தோடு ஒரே மாத்திரையாகச் சேர்ந்திருக்கும், அதனால் பெட்டியின் முன்பக்கப் பெயரோடு நிற்காமல் சின்ன எழுத்தையும் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் போட்ட இரண்டு மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்து, நான்காவது மணியில் உச்சத்துக்குப் போகும். ஃபுரோசமைட் ஒரு மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும். நாலு மணிக்கு எழுந்து மாத்திரையைப் போட்டு, ஐந்தரைக்கு வண்டியை எடுக்கிற மனிதருக்கு ஓடும் வண்டியில்தான் சிறுநீர் முட்டும். இதை அவர் தண்ணீரின் மேல் பழிபோட்டு, தண்ணீரை நிறுத்தியிருக்கலாம்.

மாத்திரையை அவராகவே நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. கிளினிக்கில், ‘நான் ரயில் ஓட்டுகிறேன், ஷிஃப்ட் இத்தனை மணிக்கு, மாத்திரையை வேலை முடிந்து வந்து போடலாமா, அல்லது நீர் பிரிக்காத வேறு மருந்து உண்டா’ என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வழி இருக்கும். எந்த வேலை என்பதைச் சொல்லாமல் மருந்து வாங்கி வருகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைவிடக் கவலையான விஷயம், நீர் மாத்திரை, தண்ணீர் குடிக்காத உடம்பு, போன்ஸ்டான் மூன்றும் ஒரே நாளில் சேர்வது. போன்ஸ்டான் என்பது மெஃபெனமிக் ஆசிட். அந்த வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே வறண்ட உடம்பில் அது சிறுநீரகத்தைத் திடீரென்று பாதிக்கலாம். பெரிண்டோபிரில், லோசார்ட்டான் போன்ற பிரஷர் மருந்தும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். டாக்டரைப் பார்க்கும்வரை போன்ஸ்டானை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போதும், பெட்டியில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல்.

ஆண்களுக்கு ஆறு மாதத்தில் இரண்டு தொற்று என்பது ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று விடுகிற விஷயம் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி எது என்று பார்க்கும் கல்ச்சர், இரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் ஆகியவற்றைக் கேட்டு எடுக்க வேண்டும். முதுகுவலியே கல்லாக இருக்கலாம். இரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரில் இறங்கி, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அரசாங்கச் சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), பணம் தடையில்லை. குளிர்க் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, சிறுநீரில் இரத்தம், முட்டியும் போக முடியாத நிலை, இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி கேபினுக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஓட்டுநர் கேபினில் கழிவறை கிடையாது. நெடுந்தூர மின்சார ரயிலான இ.டி.எஸ்.ஸில் பயணிகளுக்கு உண்டு, புறநகர் ரயிலான கொமுட்டர் பெட்டிகளில் அதுவும் இல்லை. பத்துமலையிலிருந்து புலாவ் செபாங், தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளான் என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஓடும் வண்டியில் இருக்கையை விட்டு எழ முடியாது. காலடியில் ஒரு மிதி, அல்லது கைப்பிடியில் ஒரு அமைப்பு இருக்கும். அதை அழுத்திக்கொண்டோ, குறித்த இடைவெளியில் தட்டிக்கொண்டோ இருக்க வேண்டும். விட்டால் முதலில் பஸ்ஸர் அலறும், அதற்கும் பதில் இல்லையென்றால் அவசரப் பிரேக் தானாகப் பிடிக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லும் ‘தானாக ஓடும்’ ரயில் 1998-இல் வந்த கிளானா ஜெயா எல்.ஆர்.டி.யும், பிறகு வந்த காஜாங், புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடங்களும்தான். இ.டி.எஸ்.ஸிலும் கொமுட்டரிலும் இருக்கும் பாதுகாப்புக் கருவி வேகத்தையும் சிக்னலையும் மீறினால் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். வண்டியை ஓட்டுவது மனிதர்தான்.

நீராவிக் காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை என்பது ஒரு வேடிக்கை. எஞ்சினில் டிரைவரோடு ஃபயர்மேனும் இருந்தார். எஞ்சின் தண்ணீர் பிடிக்க வழியில் நிற்கும். அது நிற்கும்போது ஆளும் இறங்கிக்கொள்ளலாம். மின்சார வண்டிக்கு நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போனபோது, மனிதனின் தேவையை அட்டவணையில் எழுத்தாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. எழுதியிருப்பது நடக்கிறதா என்பதில்தான் சிக்கல்.

முனையத்தில் வண்டி திரும்ப 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் இறங்கி, கேபினை அணைத்து, சாவியும் பையும் எடுக்க 2 நிமிடம். ஆறு பெட்டி நீளம், கூட்டத்துக்கு நடுவே எதிர்முனைக்கு நடக்க 3. அங்கே சாவி போட்டு, ரேடியோவில் வண்டி எண், பெயர்ப்பலகை மாற்றி, பிரேக் சோதிக்க 3. கிளம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருக்கையில் இருக்க வேண்டும். மீதி 6. கழிவறை மேல்தளத்தில் இருந்தால் படி ஏறி இறங்க 3 போய்விடும். மீதி 3. வண்டி நாலு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அந்த மூன்றும் இல்லை. மழைநாளில், பள்ளி விடும் நேரத்தில், சிக்னல் கோளாறில் முதலில் காணாமல் போவது ஓட்டுநரின் இந்த மூன்று நிமிடம்தான். காகிதத்தில் பார்த்தால் 15 நிமிட ஓய்வு மாதிரி இருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். கேபினை மூடியதும் முதல் வேலை கழிவறை; பிறகுதான் எதிர்முனைக்கு நடை. ‘அங்கே எல்லாம் தயார் பண்ணிட்டுப் போகலாம்’ என்று நினைப்பவர் போகவே மாட்டார். கேபினுக்கு உயிர் கொடுத்தபின் அதை ஆளில்லாமல் விட முடியாது. அதற்குள் ஒரு பயணி வந்து ‘இது கே.எல். சென்ட்ரல் போகுமா’ என்று கண்ணாடியைத் தட்டுவார்.

நேரம் போதாது என்று தெரிந்தால் ரேடியோவில் சொல்ல வேண்டும். ஓட்டுநர்கள் கூச்சப்படுவது இங்கேதான், உங்கள் கணவரும் இங்கேதான் மாட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். பாதி நெட்வொர்க்குக்கே கேட்கிற ரேடியோவில் தண்டாஸ் என்று சொல்ல வாய் வராது. கதவுக் கோளாறைச் சொல்லும் அதே குரலில் சொன்னால் போதும்: வண்டி எண், இடம், எத்தனை நிமிடம். ‘ரவாங்கில் ஐந்து நிமிடம், தண்டாஸ்.’ அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எப்போது சொல்வது என்பதில்தான் விஷயம். மூன்று நான்கு நிலையங்களுக்கு முன்பே, முட்ட ஆரம்பித்தவுடனே சொல்ல வேண்டும். பத்து நிமிடம் முன்னால் தெரிந்தால் கட்டுப்பாட்டு அறைக்குக் கையில் வழி இருக்கும்: பின்னால் வரும் வண்டியை நடுவழியில் நிறுத்தாமல் முந்திய பிளாட்பாரத்திலேயே வைத்திருக்கலாம், சந்திப்பில் வேறு வண்டியை முன்னே விடலாம், முனையத்தில் காத்திருக்கும் உபரி ஓட்டுநரை எதிர்முனைக் கேபினில் ஏற்றி வைக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் சில ரயில்வேக்கள் வழக்கமாகவே செய்கின்றன: வந்தவர் இறங்கிவிடுவார், முன்பே காத்திருப்பவர் எடுத்துப்போவார், இறங்கியவர் அடுத்த வண்டியை எடுப்பார். வண்டி திரும்புகிற நேரம் அதேதான். மனிதருக்கு மட்டும் ஒரு வண்டி இடைவெளி முழுதாகக் கிடைக்கும். வந்து நின்றபிறகு சொன்னாலோ, பின்வண்டி ஏற்கெனவே நெருங்கிவிட்டிருக்கும்; ஐந்து நிமிடம் பதினைந்தாகும்; அந்த எரிச்சல் ஓட்டுநர் மேல் விழும்; அடுத்த தடவை அவர் சொல்லவே மாட்டார்.

வழியில் ஒரு நிலையத்தில் இறங்குவதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் விதிப்புத்தகம் உண்டு, அதுதான் கடைசி வார்த்தை. அடிப்படை எங்கும் ஒன்றுதான்: அனுமதி வாங்கியபின் முழுப் பிரேக், அதன் மேல் நிறுத்துப் பிரேக், கைப்பிடி நடுநிலையில், சாவி சட்டைப்பைக்குள், கேபின் கதவு பூட்டு. பயணிகளுக்கு ‘சிறிது நேரத்தில் புறப்படும்’ என்று ஓர் அறிவிப்பு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். போகும்போது பச்சையாக இருந்த சிக்னல் இப்போது சிவப்பாகியிருக்கலாம். தாமதத்தை ஈடுகட்டும் அவசரத்தில், மனதில் நிற்கும் பழைய பச்சையை நம்பிக் கைப்பிடியைத் தள்ளிவிடக்கூடும். உட்கார்ந்து, சிக்னலை வாய்விட்டுச் சொல்லி, கதவு விளக்கைப் பார்த்து, கட்டுப்பாட்டு அறைக்குத் ‘தயார்’ சொல்லி, பிறகுதான் பிரேக்கை விட வேண்டும். அதற்கு இருபது விநாடி ஆகும்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவில் சிக்னலுக்காக வண்டி நெடுநேரம் நின்றுவிட்டால்? தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. தலைக்கு மேல் 25,000 வோல்ட், பக்கத்துத் தடத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வரும் வண்டி, காலடியில் உருளும் ஜல்லி. இதற்காகத்தான் அவர் கொண்டுபோகும் பையில், சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்க வேண்டும். பார்மசியிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், பெரும்பாலும் 600 முதல் 800 மில்லி கொள்ளளவு. உள்ளே இருக்கும் பொடி சிறுநீரை ஜெல்லாக உறையவைத்துவிடும், சாய்த்தாலும் சிந்தாது. பெண் ஓட்டுநர்களுக்கு அகன்ற புனல் வாய் உள்ளது கிடைக்கிறது. வண்டி நின்று, பிரேக் பிடித்திருக்கும்போது மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். பல கேபின்களில் இப்போது கேமரா உண்டு. அது எங்கே பார்க்கிறது, இப்படிப்பட்ட நேரத்தில் என்ன நடைமுறை என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

மினரல் வாட்டர் பாட்டில் வேண்டவே வேண்டாம். வாய் குறுகல், பாதி வெளியே போகும். கீழே மிதி, பக்கத்தில் மின்சாதனம். அதைவிட, மூடியைத் திருகி இருக்கைக்குப் பின்னால் வைத்து மறந்துவிட்டால் அடுத்த ஓட்டுநர் அதைக் கண்டுபிடிப்பார். டிப்போவில் ஆறு மாதத்துக்கு அதே பேச்சாக இருக்கும். பயன்படுத்திய உறையைக் கட்டி, முனையத்தில் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள். பையில் ஹேண்ட் சானிடைசர் கட்டாயம். அந்தக் கைப்பிடியை ஒரு நாளில் பல பேர் பிடிக்கிறார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் நின்றுவிடாது. கெட்டியாகி, சிறுநீர்ப்பையின் சுவரை உறுத்தும். அளவு குறைவாக இருந்தும் முட்டுவது அதிகமாகும், கிருமியும் கழுவப்படாமல் தங்கும், கல்லும் சேரும். எவ்வளவு என்பதைப் போலவே எப்போது, எப்படி என்பதும் முக்கியம். அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் ஒரு மணி நேரம் சுமாரில் வெள்ளம் மாதிரி வரும். அதே அரை லிட்டரைச் சிறுகச் சிறுகக் குடித்தால் உடம்பு பெரும்பகுதியை வைத்துக்கொள்ளும்.

5.30-க்கு வண்டி என்றால் 3.45-க்கு எழுந்தவுடன் 400 மில்லி. அதன் வெள்ளம் டிப்போவில் கையெழுத்துப் போடும் நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, கேபின் ஏறுவதற்குச் சற்று முன் இன்னொரு தடவை போக வேண்டும். இரண்டாவது தடவை வராவிட்டாலும் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது அரை மணிக்கு ஒரு முறை 80 முதல் 100 மில்லி, அதாவது மூன்று நாலு மடக்கு, நிலையத்தில் நிற்கும்போது. நீண்ட ஓய்வு கிடைக்கும் முனையத்தில் 300 மில்லி. மீதி எல்லாம் வேலை முடிந்தபின், ஆனால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே. ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு லிட்டர் பக்கம் வர வேண்டும். சிறுநீரகமோ இதயமோ சரியில்லை என்று டாக்டர் அளவு கட்டியிருந்தால் மட்டும் அந்த அளவு. கண்ணால் பார்க்க ஒரு வழி: வைக்கோல் நிறம் சரி, தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் வந்தால் போதவில்லை. 100 பிளஸ் என்ற இனிப்புப் பானத்தைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம், சர்க்கரை பார்க்கும்வரை அதைத் தள்ளியே வையுங்கள்.

இதோடு, ‘எதற்கும் போய்விட்டு வருவோம்’ என்று வீட்டில் மணிக்கொரு தடவை போகிற பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை கொஞ்சம் நிரம்பியதுமே கூப்பிடப் பழகிவிடும். விடுமுறை நாளில் இடைவெளியை 15 நிமிடம் 15 நிமிடமாக, வாரத்துக்கு ஒரு படி கூட்டி மூன்று மணி வரை கொண்டுவரலாம். தொற்று முழுதாகக் குணமான பிறகு மட்டும்.

வயிற்று விஷயம் வேறு. சாப்பிட்டவுடன் குடல் அசைவது இயற்கை. அதனால் எதையாவது வீட்டிலேயே பசியாறி, பத்து நிமிடம் கழிவறையில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவது நல்லது. டிப்போ வாசலில் சம்பல் கொட்டிய நாசி லெமாக்கை வேலை முடிந்து சாப்பிடலாம். வயிற்றுப்போக்கு என்றால் வண்டியே எடுக்கக் கூடாது, எம்.சி. (மருத்துவ விடுப்பு) தான். மாத்திரை போட்டு நிறுத்திக்கொண்டு ஓட்டுவது வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவுப்படி, குறைந்தது 30 நிமிட ஓய்வு இல்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவிடாமல் ஆள் இருந்தாக வேண்டிய வேலை என்றால் எட்டு மணி நேரம் தொடரலாம், ஆனால் அதற்குள் சாப்பாட்டுக்கு மொத்தம் 45 நிமிடமாவது கொடுக்க வேண்டும். கழிவறைக்கு இத்தனை நிமிடம் என்று அதில் கணக்கு இல்லை. ஆனால் 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பாதுகாப்பு, உடல்நலம், நலன் மூன்றையும் முதலாளியின் கடமையாக வைக்கிறது. 40 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருந்தாக வேண்டும். போக வேண்டிய கதவு அதுதான்.

நீங்கள் ஆபீசுக்கு போன் போடாதீர்கள் சகோதரி, அவருக்கு அது தலைகுனிவாகிவிடும். அவரே ஒரு சின்ன நோட்டில் 14 நாள் குறிக்கட்டும்: தேதி, வண்டி எண், முனையம், அட்டவணையில் எத்தனை நிமிடம், உண்மையில் கிடைத்தது எத்தனை, கழிவறை எந்தத் தளத்தில். ‘தண்டாஸ் போக விடமாட்டேங்கிறாங்க’ என்று போனால் புகார் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘இந்த மூன்று சுற்றில், பத்தில் ஏழு நாள் நாலு நிமிடத்துக்கும் குறைவு’ என்று தாளோடு போனால் அட்டவணை போடுகிறவர் கையில் திருத்த ஏதாவது இருக்கும். தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் ஒரு நகல் கொடுக்கலாம். டாக்டர் கடிதம் இருந்தால் கூடவே சேர்க்கட்டும். அதில் நோயின் பெயரை விவரமாக எழுத வேண்டியதில்லை, ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிவறை வசதி தேவை’ என்ற ஒரு வரி போதும்.

தேத்தண்ணியை நிறுத்த வேண்டாம். தினம் குடித்துப் பழகியவருக்குத் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும், அதற்கு மறுபடி போன்ஸ்டானைத் தேடுவார். பெரிய கிளாஸுக்குப் பதில் 150 மில்லி, இலை குறைத்து, சீனி இல்லாமல் அல்லது மிகக் குறைத்து, எழுந்தவுடன் அந்த 400 மில்லி தண்ணீரின் ஒரு பகுதியாகவே கொடுங்கள். மேலே 250 மில்லி பச்சைத் தண்ணீர். பால் சேர்க்காத கெட்டிக் கோப்பி ஓ மட்டும் வேலை முடிந்து வரும்வரை வேண்டாம். வழியில் வாங்கி இக்காட் தெப்பியில் (கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில்) தொங்கவிட்டு கேபினுக்கு எடுத்துப்போகிற பழக்கம் இருந்தால், அதையும் சேர்த்துத்தான்.